தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளை

நான் மொழிபெயர்ப்புத் தொழிலில் நுழைந்தது மத்திய அரசின் தேர்வு எழுதியபோது அன்று. 12 வயதில், எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே அத்தொழில் தொடங்கிவிட்டது. பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி மலைப்பகுதியில் உள்ள அகளி எங்கள் ஊர். மேற்கே மலைப்பாதையில் இறங்கினால் மண்ணார்க்காடு. கிழக்கே ஆனைகட்டி வழியாகச் சென்றால் கோயம்புத்தூர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை இப்பகுதி சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அன்று எல்லைக்கோடு மாறிற்று. கோவைப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய என் பாட்டனாரின் தோட்டம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. இத்தகைய நிலங்கள் இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடி மக்களிடமிருந்து எவ்வாறு கைமாறின என்பது வேறொரு பெரிய வழக்கு. அதைப் பேச இந்த நேரம் போதாது.

என் தந்தையார் தமிழ் மட்டுமே படித்தவர். கிராம அலுவலகத்திலிருந்தும் கூட்டுறவு வங்கியிலிருந்தும் வரும் தாள்களோ மலையாளத்தில் இருக்கும். பள்ளியில் மலையாளம் படித்த நான் அவற்றைப் படித்துப் பொருள் கூறுவேன். அவர் கண்களை மூடிக்கொண்டு கேட்பார்.

வெளி மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இந்நிலை புதிதன்று. தில்லியிலும் மும்பையிலும் நம்மவர் இல்லங்களில் இன்றும் இதைக் காணலாம். வங்கியில் படிவம் நிரப்புபவள் மகள். எரிவாயு கொண்டுவருபவனோடு இந்தியில் பேசுபவன் மகன். வீட்டுக்கு வெளியே பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் தந்தை, வீட்டுக்குள் வந்தவுடன் இழந்த அதிகாரத்தை இரு மடங்காக மீட்க முற்படுகிறார். அயலூரில் இருக்கிறோம், மொழி போய்விடுமோ, பழக்கவழக்கம் போய்விடுமோ, பெண்பிள்ளையானால் இன்னும் என்னவெல்லாம் போய்விடுமோ என்ற அச்சம் அவரை விடுவதில்லை. அவ்வச்சம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அவ்வச்சத்தால் நாம் செய்யும் செயல்கள், 13 முதல் 19 வயது வரையுள்ள நம் பிள்ளைகளின் உள்ளத்தில் என்ன செய்கின்றன என்பதையே இன்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு 14 வயது நடந்தபோது, மூன்று நாள் தொடர்ந்து பள்ளிக்குச் செல்லாமல் நண்பர்களோடு சிறுவாணி ஆற்றங்கரையில் பொழுதைக் கழித்தேன். பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. மலையாளத்தில்தான் வந்தது. வழக்கம்போல் தந்தையார் அதை என்னிடமே நீட்டினார். ஒரு கணம் திகைத்தேன். பிறகு, பள்ளிக் கட்டடத்துக்கு நன்கொடை கேட்டிருக்கிறார்கள் என்று படித்துவிட்டேன். பணம் என்றால் அவர் அந்தத் தாளை மடித்து வைத்துவிடுவார் என்பது என் கணக்கு. ஆனால் அவரோ, கல்விக்குக் கேட்டால் இல்லை என்று சொல்லலாகாது என்று கூறி, மறுநாள் காலையில் வெளுத்த வேட்டி உடுத்து, 50 ரூபாயை மடியில் முடிந்துகொண்டு பள்ளிக்கே சென்றுவிட்டார்.

அவர் திரும்பி வந்தபோது நான் அடியை எதிர்பார்த்து நின்றேன். அடி விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பின்னால் பல முறை எண்ணியிருக்கிறேன்; அடியை ஆதரித்துச் சொல்வதாகக் கொள்ள வேண்டா. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்று முதல் ஏறத்தாழ இரண்டு மாத காலம் என்னோடு பேசவே இல்லை. “அவனைச் சாப்பிடச் சொல்” என்று அம்மாவிடம் சொல்வார். நான் எதிரே வந்தால் முகம் வேறு பக்கம் திரும்பும். இவற்றையெல்லாம் தாங்கிக்கொண்டேன். தாங்க இயலாதது ஒன்று உண்டு. மலையாளத் தாள்கள் வந்தால் அவற்றை எடுத்துக்கொண்டு கடைவீதிக்கு நடந்து, தேநீர்க் கடைக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவந்தார்.

நான் திருந்தினேன். ஒரு நாளும் வகுப்பைத் தவறவிடவில்லை. நல்ல மதிப்பெண்களும் பெற்றேன். ஊரார் என் தந்தையாரின் வளர்ப்பைப் பாராட்டினர். ஆனால் அன்று தொடங்கிய ஒரு பழக்கம் என் முப்பது வயது வரையிலும் என்னை விடவில்லை. எந்த முடிவாயினும், இது எனக்கு வேண்டுமா என்று என்னைக் கேட்டுக்கொள்வதற்கு முன்னால், இதற்கு அவர் முகம் எவ்வாறு போகும் என்று கேட்டுக்கொள்வேன். பொய் சொல்வதையும் நான் விட்டுவிடவில்லை. அகப்படாமல் சொல்லக் கற்றுக்கொண்டேன், அவ்வளவே. ஒரு மாலையில் மின்வாரியத் தாள் ஒன்றைத் திண்ணையில் வைத்து, “இதிலே என்ன போட்டிருக்கிறது?” என்றார். அழுதுகொண்டே படித்தேன். அதன் பின் அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, அலுவல் முறையில் குழந்தை வளர்ப்புப் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கும் பணி என்னிடம் வந்தது. பெற்றோர் செலுத்தும் கட்டுப்பாட்டை உளநூலார் இரண்டாகப் பிரித்திருந்தனர். பிள்ளையின் நடத்தைக்கு வரம்பு விதிப்பது ஒன்று: இத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும், எங்குச் செல்கிறாய் என்று சொல்லிவிட்டுச் செல்ல வேண்டும் என்பன போன்றவை. பிள்ளையின் எண்ணத்தையும் உணர்ச்சியையும் தம் வசப்படுத்துவது மற்றொன்று: குற்ற உணர்வை ஏற்றுவது, பேசாமல் இருந்து வாட்டுவது, “நான் செத்தால்தான் உனக்குத் தெரியும்” என்பது, சொன்னபடி கேட்டால் அன்பு, இல்லையேல் இல்லை என்று அன்பையே விலையாக்குவது. இந்த இரண்டாவதற்கு ‘மனக்கட்டுப்பாடு’ என்று எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். தமிழில் மனக்கட்டுப்பாடு என்றால் அது ஓர் அறம். தன் மனத்தைத் தானே அடக்கி ஆள்வது. இங்கோ ஒருவர் மனத்தை மற்றொருவர் ஆள்கிறார். ஒரு சொல், இரு பொருள். ஒன்றற்கு ஒன்று நேர் எதிர். அன்று மாலை வரை தேடி, ‘உள்ளத்தைப் பிணித்தல்’ என்று எழுதினேன். மேலதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு இன்றும் அதுவே சரியென்று படுகிறது. அவ்வாறு எழுதிக்கொண்டிருந்தபோதுதான், தேநீர்க் கடைக்கு நடந்துசென்ற என் தந்தையாரின் முதுகு நினைவுக்கு வந்தது.

இந்தப் பாகுபாடு புதியதன்று. 1965-இலேயே ஏர்ல் ஷேஃபர் என்ற அமெரிக்க அறிஞர் பிள்ளைகளிடமே கேட்டு இதன் அடிப்படையை வகுத்தார். அதே காலத்தில் கலிபோர்னியாவில் டயானா பாம்ரிண்ட் என்ற அம்மையார், பெற்றோரை அடக்கியாள்வோர், கண்டிப்பும் கனிவும் ஒருங்கே உடையோர், விட்டுக்கொடுத்தே பழகியோர் என மூவகையாகக் கண்டார். 1996-இல் பிரையன் பார்பர் எழுதிய கட்டுரையில் இவ்வேறுபாடு இன்னும் தெளிவாயிற்று. நடத்தைக்கு வரம்பே இல்லாத வீட்டுப் பிள்ளைகளிடம் தீய பழக்கங்களும் அடங்காமையும் மிகுதி. உள்ளம் பிணிக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகளிடம் மனச்சோர்வு மிகுதி. ஆகவே, கட்டுப்பாடு கூடுமா கூடாதா என்று கேட்பதில் பயனில்லை. எதைக் கட்டுப்படுத்துகிறோம் என்பதே கேள்வி.

இத்தகைய பிள்ளைகளை அடையாளம் காண்பது எளிதன்று. பெரும்பாலும் அவர்களைத்தான் நாம் ‘நல்ல பிள்ளை’ என்கிறோம். கேட்டதற்கு எல்லாம் ‘சரி’ என்பார்கள். தேர்வு நாளில் வயிறு வலிக்கும். மருத்துவர் பார்த்தால் நோய் ஒன்றும் இராது. இரவில் உறக்கம் வாராது. எந்தச் சட்டை வேண்டும் என்று கடையில் கேட்டால்கூடத் தாயின் முகத்தைப் பார்ப்பார்கள். தம் தவற்றுக்கு மட்டுமன்றி, அப்பாவின் இரத்த அழுத்தத்துக்கும் அம்மாவின் கண்ணீருக்கும் தாமே காரணம் என்று நம்புவார்கள். வேறு சிலர் வெளிப்படையாக வெடிப்பார்கள். கதவை அறைவார்கள், எதிர்த்துப் பேசுவார்கள். பெற்றோருக்கு இவர்களே பெருந்தொல்லையாகத் தோன்றுவர். எனக்கோ, ‘சரி’ என்று சொல்லும் பிள்ளையைப் பற்றியே கவலை அதிகம்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பிள்ளையின் துன்பத்துக்கெல்லாம் பெற்றோரே காரணம் என்று எந்த ஆராய்ச்சியும் கூறவில்லை. 1,000-க்கு மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி ஜெர்மானிய அறிஞர் மார்ட்டின் பின்குவார்ட் 2017-இல் வெளியிட்ட முடிவுகளில், தொடர்பு உண்டு, ஆனால் அது பெரிதன்று என்றே காண்கிறோம். அத்தொடர்பு இரு திசையிலும் ஓடுகிறது. அடங்காத பிள்ளையைக் கண்டு பெற்றோர் இறுக்குவதும் உண்டு. இறுக்க இறுக்கப் பிள்ளை விலக, விலகுவது கண்டு மேலும் இறுக்க, இரு தரப்பும் ஒரே கயிற்றின் இரு நுனியில் நின்று இழுப்பார்கள்.

“இதெல்லாம் மேனாட்டார் பேச்சு, நம் நாட்டில் கண்டிப்பும் ஓர் அன்பே” என்று சிலர் சொல்லக்கூடும். அதில் உண்மை இருக்கிறது. ரூத் சாவோ என்ற ஆய்வாளர் 1994-இல், அமெரிக்காவில் குடியேறிய சீனத் தாய்மாரின் கண்டிப்பை மேற்சொன்ன ‘அடக்கியாளும்’ வகையில் சேர்ப்பது பொருந்தாது என்று வாதித்தார். அது பிள்ளையைப் பழக்குவது. பின்னே அக்கறையும் உழைப்பும் நிற்கின்றன என்றார். நம் இல்லங்களுக்கும் இது பெரிதும் பொருந்தும். தோட்டத்தில் என்னைக் கடலைக்காய் பறிக்க வைத்ததையும், விளக்கு வைக்கும் முன் வீடு திரும்பச் சொன்னதையும் நான் ஒரு நாளும் கொடுமையாக எண்ணியதில்லை. என் வயதுப் பிள்ளைகள் எல்லோர்க்கும் அதுவே சட்டம். ஆனால் பேசாமல் இருந்த அந்த இரண்டு மாதம் கண்டிப்பு அன்று. அப்போது எனக்கு எந்தச் சட்டமும் விதிக்கப்படவில்லை. நான் இல்லாதவன் ஆக்கப்பட்டேன். ‘அடியாத மாடு படியாது’ என்று சொன்ன நம் முன்னோரேதான் ‘தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன்’ என்றும் சொன்னார்கள். முன்னதை நாம் மறப்பதே இல்லை. பின்னதை, பிள்ளை தோளைத் தாண்டி வளர்ந்த பிறகும் நினைப்பதில்லை.

இக்காலத்தில் உள்ளத்தைப் பிணிக்கும் கயிறு பெரும்பாலும் மதிப்பெண்ணால் திரிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் பொதுத் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் மாநிலத்தின் முதல் மாணவர் பெயரை அறிவிக்கும் வழக்கம் நெடுநாள் இருந்தது. 2017-இல் அரசு அதை நிறுத்திற்று. கேரளம் அதற்கு முன்பே, 2005-இல், பத்தாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்குப் பதில் தர முறையைக் கொண்டுவந்தது. 16 வயது நிரம்பாதவரைப் பயிற்சி நிலையங்கள் சேர்க்கலாகாது என்று 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் நெறிமுறை வகுத்தது. அரசுகள் இவ்வளவு தூரம் வந்ததற்குக் காரணம் உண்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022-ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட கணக்கின்படி, அவ்வாண்டில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட மாணவர் 13,044 பேர். இவர்கள் அனைவரையும் பெற்றோரின் கணக்கில் எழுதுவது அநீதி. நோயும் வறுமையும் பிறவும் பல. ஆயினும் தோல்வியைப் பிள்ளை முதலில் யாரிடம் சொல்ல இயலவேண்டும்? வீட்டில் சொல்ல இயலவில்லை என்றால் அந்த வீட்டில் ஏதோ ஒரு கதவு சாத்தியிருக்கிறது.

இனி என் வீட்டுக்கே வருகிறேன். தில்லியில் வாழ்கிறோம். மகளுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. என் தந்தையாரைப் போல் நான் பேசாமல் இருப்பதில்லை என்பதில் எனக்குப் பெருமை இருந்தது. நான் அதனினும் நாகரிகமான வழியைக் கண்டுபிடித்திருந்தேன். அவளுடைய கைப்பேசியில் கண்காணிப்புச் செயலி ஒன்றை நிறுவினேன். அவள் எங்கே இருக்கிறாள் என்பதை அலுவலகத்திலிருந்தே பார்ப்பேன். இரவில் அவள் உறங்கிய பின் நண்பர்களோடு எழுதிக்கொண்டதைப் படிப்பேன். அவள் கேளாமலே ஒரு தனிப்பயிற்சி வகுப்பில் சேர்த்தேன். அவளைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று நம்பினேன். இரவு உணவின்போது, “பள்ளியில் என்ன நடந்தது?” என்பேன். “ஒன்றும் இல்லை, அப்பா” என்பாள். காலையில் வயிறு வலிக்கிறது என்பாள்.

சுவீடன் நாட்டில் ஹோக்கன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இருவர் 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 14 வயதுப் பிள்ளைகள் 700 பேருக்கு மேல், அவர்களுடைய பெற்றோரோடு சேர்த்து ஆராயப்பட்டனர். பிள்ளை எங்குச் செல்கிறது, யாரோடு பழகுகிறது என்பதைப் பெற்றோர் அறிவது எவ்வாறு? துருவிக் கேட்பதாலும் கண்காணிப்பதாலும் என்றே அதுகாறும் பலரும் எண்ணியிருந்தனர். ஆனால் பெற்றோர் அறிந்தவற்றுள் பெரும்பகுதி, பிள்ளைகள் தாமே மனமுவந்து சொன்னதால் அறிந்தது என்று அவ்வாய்வு காட்டிற்று. இதை நான் முன்னமே படித்திருந்தேன். படித்தது வேறு, பட்டது வேறு.

சென்ற கோடை விடுமுறையில் அகளிக்குச் சென்றோம். என் தாயார் திண்ணையில் உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டிருப்பார். மகளும் உடன் உட்கார்ந்து உரிப்பாள். அம்மா எதையும் கேட்பவர் அல்லர். அவருக்குத் தில்லிப் பள்ளியைப் பற்றிக் கேட்பதற்கும் தெரியாது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த என்னிடம் அவர் வந்து, “உன் பிள்ளை என்கிட்டே ஒன்று சொன்னது, சாமி. உன்கிட்டே சொல்லட்டுமா என்று அதைக் கேட்டுவிட்டுத்தான் வருகிறேன்” என்றார். அந்தக் கடைசிச் சொற்றொடரை நேயர்கள் கவனிக்க வேண்டும். நான் என் மகளிடம் ஒரு நாளும் கேட்டிராத ஒன்றை, மூன்றாம் வகுப்பு வரை படித்த என் தாயார் கேட்டிருந்தார்.

மகள் அப்பத்தாவிடம் சொன்னது இது. தனிப்பயிற்சி வகுப்பில் இரண்டு மாதமாக அவளுக்கு எதுவும் விளங்கவில்லை. இரண்டு தேர்வுத் தாள்களை ஒளித்துவிட்டாள். கைப்பேசியை அப்பா படிக்கிறார் என்பது அவளுக்கு முன்பே தெரியும். ஆதலின் நான் படிப்பதற்கென்றே சில நல்ல செய்திகளை எழுதிவந்தாள். உண்மையானவற்றை ஒரு தோழியின் நோட்டுப் புத்தகத்தில் எழுதினாள். நான் இரவெல்லாம் படித்தது எனக்காகவே செய்யப்பட்ட பொய்யான மொழிபெயர்ப்பு. என் தொழிலில் இதைவிடப் பெரிய இழிவு எனக்கு நேர்ந்ததில்லை. கோபம் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். 50 ரூபாயை மடியில் முடிந்துகொண்டு போனவரின் கோபம் எத்தகையது என்பதும் அன்றுதான் தெரிந்தது.

அன்று மாலை அவளோடு ஆற்றங்கரை வரை நடந்தேன். செயலியை அவள் எதிரிலேயே நீக்கினேன். தனிப்பயிற்சியைத் தொடர்வதா விடுவதா என்பதை அவளே முடிவு செய்யட்டும் என்றேன். ஆனால் எல்லாவற்றையும் விட்டுவிடவில்லை. மாலை ஏழு மணிக்குள் வீடு திரும்ப வேண்டும்; இரவில் கைப்பேசி கூடத்தில்தான் இருக்கும், என்னுடையதும் உட்பட; யாரோடு செல்கிறாள் என்பதைச் சொல்லிவிட்டுச் செல்ல வேண்டும். ஏழு மணி என்பதை ஏழரையாக்க வாதாடினாள். சனிக்கிழமைக்கு மட்டும் ஒப்புக்கொண்டேன். அவள் என்னோடு வாதாடி நெடுநாள் ஆயிற்று என்பது அப்போதுதான் உறைத்தது.

அதன் பின் அவள் மதிப்பெண் உயர்ந்தது என்று சொல்லி உங்களை மகிழ்விக்க இயலாது. சற்றுக் குறையவே செய்தது. வயிற்றுவலி குறைந்திருக்கிறது. ‘ஒன்றும் இல்லை’ என்பது இன்னும் முற்றிலும் போகவில்லை. இழந்த நம்பிக்கை ஒரே கோடையில் திரும்பிவிடாது போலும்.

எல்லா வீட்டுக்கும் ஓர் அப்பத்தா வாய்ப்பதில்லை. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், சிறிய வீட்டுக்குள் பிள்ளை தனியே அழுவதற்கும் இடமில்லை. படிப்புக்காகத் தொலைவில் விடுதியில் சேர்த்தால், பேசுவதற்கு ஆள் இல்லை. பெருநகர அடுக்ககங்களில் பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்ல, பாட்டி ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பார். அத்தகையோர்க்கு ஒன்று சொல்வேன். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய ‘டெலி-மானஸ்’ என்ற மனநல உதவிச் சேவை உண்டு. 14416 என்ற எண்ணுக்கு எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். எந்த மாநிலத்தில் இருந்தாலும் தமிழில் பேச விரும்புகிறேன் என்று கேட்கலாம். பிள்ளைகளும் அழைக்கலாம், பெற்றோரும் அழைக்கலாம். பிள்ளை பல நாள் உண்ணாமலோ உறங்காமலோ இருந்தாலும், வாழ்வதில் பொருளில்லை என்பது போல் பேசினாலும், அதை வீம்பு என்று தள்ளிவிடாமல் அன்றே அழைத்துவிட வேண்டும்.

சென்ற மாதம் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மகள் ஒரு பாடவேளையில் வகுப்பில் இல்லை, தோழியரோடு சிற்றுண்டிச்சாலையில் இருந்தாள் என்று இந்தியில் எழுதியிருந்தது. அவளே கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு, போகாமல் நின்றாள். படித்துவிட்டுச் சினந்தேன், செய்தது தவறு என்றேன், அந்தச் சனிக்கிழமை வெளியே செல்வதற்கில்லை என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போனாள். இரவு எட்டு மணிக்கு அவளைச் சாப்பிட அழைத்தேன், நானே அழைத்தேன். வந்தாள். ரசம் உப்புக் கரிக்கிறது என்றாள். ஆமாம் என்றேன்.